கூடையில் இறங்கிய டெலிபோன்

போன வாரம் எங்கள் வீட்டுக்கு நான்கு அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கின. மகளுக்கு இனி வீட்டிலிருந்தே வேலையாம். முதுகு வலிக்காத நாற்காலி, லேப்டாப்பைத் தூக்கி வைக்க ஒரு தாங்கி, காதில் மாட்டிக்கொள்ள ஹெட்செட், முகத்தில் வெளிச்சம் அடிக்க வளையம் போல ஒரு விளக்கு. எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டு, "அம்மா, நான் ஆபீஸ் கால்ல இருக்கும்போது மிக்ஸி போடாதே. உள்ளேயும் வராதே. ஏதாவதுன்னா மெசேஜ் போடு, அச்சா?" என்றாள்.

என் வீட்டில் என் மிக்ஸியைப் போட நான் நேரம் பார்க்க வேண்டும். சுள்ளென்று எரிச்சல் வந்தது. ஆனால் அது புது எரிச்சலாகத் தெரியவில்லை. முன்பே நிறையப் பட்டுத் தேய்ந்துபோன எரிச்சல். யாரிடம் பட்டது என்று யோசித்தால், உன்னிடம்தான்.

தில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் நாங்கள் மாடி, நீ கீழ் வீடு. உன் மாமியார் பக்கவாதத்தில் விழுந்ததும் நீ ஸ்டெனோ வேலையை விடப்போகிறாய் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நீயோ முதலாளியிடம் பேசி வேலையையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாய். பியூன் சைக்கிளில் காகிதக் கட்டு கொண்டுவருவான், அடித்ததை வாங்கிப் போவான். துணி தேய்க்கிற மேஜைதான் உன் ஆபீஸ். டைப்ரைட்டர் சத்தத்தில் மாமியார் விழித்துக்கொள்கிறார் என்று அதன் அடியில் ரஜாயை மடித்துப் போட்டாய். தில்லிக் குளிரில் மனிதர்கள் போர்த்திக்கொள்ள வேண்டிய ரஜாய் அது. உன் வீட்டுக்காரர் அதைப் பற்றி என்னிடம் வந்து முறையிட்டார். என்னிடம் ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இதெல்லாம் உன் வீட்டோடு நின்றிருந்தால் எனக்கென்ன. உன் முதலாளிக்கு அவசரக் கடிதங்களை டெலிபோனில் சொல்லி எழுத வைக்க வேண்டும். உன் வீட்டில் டெலிபோன் கிடையாது. எங்கள் வீட்டில் உண்டு, என் வீட்டுக்காரரின் வேலைக்காக அரசாங்கம் கொடுத்தது. நீ என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அந்த நம்பரை அவருக்குக் கொடுத்துவிட்டாய். கேட்டதற்கு, "இன்கமிங் தானுங்களே டீச்சர், காசா பணமா?" என்றாய்.

ஒரு நாளின் கதையைச் சொல்கிறேன், மற்ற நாட்களும் இப்படித்தான். பள்ளிக்கூடம் முடிந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் மணி அடிக்கும். எடுத்தால் உன் முதலாளி. பால்கனிக்கு ஓடி உன்னைக் கூப்பிடுவேன். நீ மாமியாருக்குத் தலையணை முட்டுக் கொடுத்துவிட்டுப் படியேறி வருவதற்குள் அவர் இரண்டு முறை 'ஹலோ, ஹலோ' என்று அதட்டியிருப்பார். பிறகு என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சுருக்கெழுத்து எழுதுவாய். அடுப்பில் குக்கர் இருந்தால் "விசில் வராம பாத்துக்கோங்க" என்று கையால் ஜாடை காட்டுவாய். குக்கரிடம் நான் எப்படிச் சொல்வது?

அப்படி நீ மேலே இருந்த ஒரு மத்தியானம் உன் மாமியார் தானாக எழுந்திருக்கப் பார்த்துக் கட்டிலிலிருந்து விழுந்தார். நெற்றியில் நல்ல அடி. அன்று மாலை உன் வீட்டுக்காரர் வேலையை விட்டுவிடு என்றார். வேலையை விட்டால் வைத்தியச் செலவுக்கு எங்கே போவது என்று நீ கேட்டாய். இரண்டு பேர் சொன்னதும் நியாயம். நான் பால்கனியில் துணி எடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நீ மேலே வந்து, காய்கறிக்காரனிடம் வாங்குவதற்காக நான் கயிற்றில் கட்டி வைத்திருந்த கூடையைச் சிறிது நேரம் பார்த்தாய்.

"ஏனுங்க டீச்சர், நான் மேல வர்றதுக்குப் பதிலா போனு கீழ வந்தா என்னுங்க?"

"ஏட்டி, அது கவர்மெண்டு போன். கத்திரிக்காயா?"

நீ அதற்கு முன்பே லைன்மேனுக்கு டீ வாங்கிக் கொடுத்து நீளமான ஒயருக்கு ஏற்பாடு செய்துவிட்டிருந்தாய். அன்று முதல் மத்தியானங்களில் எங்கள் கறுப்பு டெலிபோன் கூடையில் உட்கார்ந்து உன் ஜன்னலுக்கு இறங்கியது. எனக்கு வரும் செய்திகளை நீயே கேட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கூடையில் போட்டு, கயிற்றில் கட்டிய சின்ன மணியை ஆட்டுவாய். 'உங்க ஹெட்மிஸ்ட்ரஸ் பேசினாங்க, நாளைக்கு சீக்கிரம் வரணுமாம்.' 'ராங் நம்பர், ஆனா நல்ல மனுசன்.' என் வீட்டுச் செய்தியை நான் கயிறு இழுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. திருத்தவேண்டிய நோட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் டிங் டிங். அடுப்பைப் பற்ற வைத்தால் டிங் டிங். ஒருநாள் அந்த மணியைக் கத்தரித்து எறிய கத்திரிக்கோலோடு பால்கனி வரை போனேன். கீழே நீ ஒரு கையால் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டு, தோளுக்கும் காதுக்கும் இடையில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் எழுதிக்கொண்டிருந்தாய். திரும்பி வந்துவிட்டேன்.

முதலாளி உன்னிடம் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். கூப்பிட்டதும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள். அதனால் மத்தியானங்களில் நீ ஜன்னலை விட்டு அசைந்ததே இல்லை. கருவேப்பிலை வேண்டுமென்றாலும் மணிதான்.

அப்படிப்பட்ட நீ ஒருநாள் படியேறி வந்தாய். கையில் காகிதம் இல்லை. என் ஊரிலிருந்து டிரங்க் கால் வந்ததாகவும், என் அண்ணன் பேசியதாகவும், பாதியில் லைன் அறுந்துபோனதாகவும் சொன்னாய். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா போயிட்டாருங்க டீச்சர்" என்றாய்.

நான் அழுது ஓய்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். நடுவில் கீழே டெலிபோன் மணி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. உன் முதலாளி கூப்பிடுகிற நேரம் அது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஏட்டி, போய் எடு" என்றேன்.

"அடிக்கட்டுங்க."

மாமியாரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. காய்கறிக்காரனைக் கூப்பிட்டு, "பையா, தோடா தேக்னா" என்று, கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லி வாசற்படியில் உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறாய். அவன் கத்திரிக்காய் எல்லாம் சொத்தை என்று உன் மாமியார் குழறிக் குழறித் தமிழில் திட்ட, அவன் எல்லாவற்றுக்கும் "ஹாஞ்ஜி, மாதாஜி" சொல்லிக்கொண்டிருந்தானாம். ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகு நீ சொல்லித்தான் தெரியும். அப்பா போனபின் நான் முதலில் சிரித்தது அதற்குத்தான்.

நான் திரும்பி வந்தபோது டைப்ரைட்டர் சத்தம் கேட்கவில்லை. பியூன் வருவதும் நின்றிருந்தது. கேட்டால், "லீவு உட்டிருக்காங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். கொஞ்ச காலம் கழித்து, உன்னைப் போலத் தப்பில்லாமல் அடிக்க ஆள் கிடைக்காமல் முதலாளியே மறுபடி கட்டு அனுப்பினார். டிங் டிங் என்று மணி அடித்தது. நான் வாய்க்குள் திட்டிக்கொண்டே போய்க் கயிற்றை இழுத்தேன். கூடையில் ஒரு துண்டுக் காகிதம்: 'சும்மா பாத்தேன், மணி அடிக்குதான்னு.'

அப்பா போன செய்தியை ஏன் அன்று எழுதி அனுப்பவில்லை என்று பல வருடம் கழித்து, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளம் வாங்கிக்கொண்டிருந்தபோது கேட்டேன். நீ அப்பளக் கட்டை முகர்ந்து பார்த்துக்கொண்டே, "அதையும் கூடையில போட்டு அனுப்பறதுங்களா?" என்றாய்.

நேற்று மத்தியானம் என் போன் ஒருமுறை அதிர்ந்தது. உன் மகன் அனுப்பியிருந்தான். நீ போய்விட்டாய் என்று இங்கிலீஷில் இரண்டு வரி, கீழே கைகூப்பும் படம். அவனைக் குறை சொல்ல மாட்டேன், கோவையிலிருந்து அவன் எத்தனை படி ஏற முடியும்? ஆனாலும் அந்த இரண்டு வரியின் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

உன் மடியில் உட்கார்ந்து டைப்ரைட்டரைத் தட்டி ரிப்பனைச் சிக்கலாக்கிய என் மகள், கதவை மூடிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். கையில் போன் இருந்தது. மெசேஜ் போட ஒரு நிமிஷம் ஆகாது. போனை மேஜையில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். "அம்மா, கால்ல இருக்கேன்னு சொன்னேன்ல" என்று உள்ளேயிருந்து எரிச்சலோடு குரல் வந்தது.

மறுபடி தட்டினேன்.