நாக்கு மேலே, நாக்கு கீழே

குனோங் ராபாட், ஈப்போ
வியாழன் மதியம்

அன்புள்ள துளசி அப்பாவுக்கு,

நலமா? இங்கே ஒரே மழை, துணி காயவில்லை, எனக்கு இடுப்பு வலி. மற்றபடி நலம். போனில் பேசினால் பிள்ளை காதில் விழும், இங்கிலீஷிலேயே பேசு என்கிறீர்கள். சண்டை போடும் அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் வராது. அதனால் எழுதுகிறேன். கார்த்திகேசு அண்ணன் நாளை சிங்கப்பூருக்கு பஸ் ஏறுகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

துளசிக்குக் காதில் கருவி வைத்துப் பதினோரு மாதம் ஆகிறது. நீங்கள் சொன்னபடி வீட்டில் ஒரு தமிழ்ச் சொல் கிடையாது. பேச்சுப் பயிற்சி தரும் ஷப்னம் மிஸ் கொடுத்த படத்தைப் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். இங்கிலீஷில் உயிரெழுத்து ஐந்துதான், ஓசை இருபதாம்! நாக்கு முன்னால் நின்றால் ஒரு வகை, பின்னால் போனால் ஒரு வகை. மேலே, நடுவில், கீழே என்று அதிலும் பிரிவு. உதடு குவிந்தால் அது வேறு. தமிழ்ப்பள்ளியில் படித்த குறில் நெடில் மாதிரி நீட்டினால் போதும் என்று நினைத்தேன். ‘ஷிப்’பை நீட்டினால் மட்டும் ‘ஷீப்’ ஆகாதாம், நாக்கும் இடம் மாற வேண்டுமாம். பூனைக்கு ‘கேட்’ என்றால், “இன்னும் அகலமா வாயைத் தொறங்கக்கா” என்கிறாள். சோறு வடிக்கும் நேரத்திலும் கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். அலுத்துப் போச்சுங்க. தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் பிள்ளையிடம் பேசுவதே குறைந்துவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவள் திரும்புவதில்லை.

செவ்வாய்க்கிழமை குழம்புச் சட்டி கையைச் சுட்டுவிட்டது. “ஐயோ, எரியுதே!” என்று கத்திவிட்டேன். ஹாலில் விளையாடிய துளசி எழுந்து ஓடி வந்தாள். என் வாயையே பார்த்தாள். பிறகு “ஐ… ஓ” என்றாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

நேற்று மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாம் தமிழை நிறுத்தியதே அவளுக்குத் தெரியாது. தலையில் கை வைத்துக்கொண்டாள். “நான் தமிழ் வேணாம்னு சொல்லவே இல்லையேக்கா. உங்களுக்கு வர்ற பாஷையில நாள் பூரா பேசுங்க லா. புள்ளைக்கு முதல்ல பேச்சு காதுல விழணும், இங்கிலீஷ் பின்னால வரும்” என்றாள்.

உங்கள் இங்கிலீஷைக் கேட்டு சூப்பர்வைசர் சிரித்தது உங்களுக்கு இன்னும் ஆறவில்லை, தெரியும். மகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் சொன்னீர்கள். ஆனால் இத்தனை மாதமாக நான் அவளைத் திட்டவுமில்லை, கொஞ்சவுமில்லை. இங்கிலீஷில் எனக்குக் கொஞ்சத் தெரியாதுங்க. நேற்றிலிருந்து தமிழில் பேச ஆரம்பித்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. கோபம் வந்தால் என்னைத் திட்டுங்கள், தமிழிலேயே.

தீபாவளிக்கு வந்த நான்கு நாளும் “கம் பேபி, சிட் பேபி” என்றீர்கள். யாரோ மேனேஜர் வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை போன் போடும்போது நம் வீட்டுப் பேச்சில் அவளைக் கூப்பிடுங்கள். காது திறந்த பிறகு, அப்பா பேசி அவள் இன்னும் கேட்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நல்லபடியாக இருங்கள்.

உங்கள்
புஷ்பலதா