சைக்கிள் டியூப் சுற்றிய காற்றுக்குழாய்

நிலவு, தென்முனைக் குடில். பராமரிப்பு: சென்னியப்பன். கண்டெடுக்கிறவர் படிக்க.

திங்கள், காலை 8.10. வழக்கமான வேலை.
இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று கோயம்புத்தூரிலேயே சொன்னேன். எவன் கேட்டான்? தலை தேய்ந்த ஒரு ஸ்க்ரூவைக் கழற்ற இங்கே ஒரு கணினி, இரண்டு கையேடு. நடுவில் ரப்பர் பேண்டை வைத்து ஸ்க்ரூடிரைவரை அழுத்தித் திருப்பினேன். வந்துவிட்டது. பொறியாளர் ஷமீமா வாயைப் பிளந்தாள். மேலப்பாளையத்துப் பெண், கெட்டிக்காரிதான். என்ன செய்ய, படித்துவிட்டாள்.

செவ்வாய், காலை 9.30. பேனல் நின்றது.
வெளியே சோலார் பேனலைத் திருப்பும் மோட்டார் இறுகிவிட்டது. நாளைக்குள் யாராவது கையால் திருப்பாவிட்டால் ஹீட்டர் அணையும், இருவரும் விறைத்துச் சாவோம். வெளியே போகும் உடை ஒன்றுதான், அவள் அளவு. அதன் காற்றுக்குழாயில் வெடிப்பு. பூமியிலிருந்து பதில்: "மாற்றுக்குழாய் அடுத்த கப்பலில். பொறுத்திருக்கவும்." இதைச் சொல்ல ஒரு கூட்டம் சம்பளம் வாங்குகிறது!
என் பெட்டியைத் திறந்தேன். பழைய சைக்கிள் டியூப். பட்டையாக வெட்டி, இழுத்துப் பிடித்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி சுற்றினேன். சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை.

புதன், காலை 10.05. வெளியே போகிறாள்.
வாசல் அறையிலிருந்து ரேடியோவில் ஷமீமா: "அண்ணே, மோட்டாரு இருக்கது பேனலுக்குப் பின்னால, நிழல்ல. அந்தக் குளிருக்கு ரப்பரு வெறைச்சு வெடிச்சிராதா?"
"மாட்டாஸ்பத்திரியில சினை ஊசிய உறைய வெச்சிருக்கற நைட்ரஜன் கேன்ல ஒரு மணி நேரம் முக்கிப் பாத்த டியூப்புங்க அம்மிணி. வாழைநாராட்டம் வளைஞ்சுது. போங்க நீங்க."
"அப்பச் சரிண்ணே. நம்பிப் போறேன்."

10.40.
"அண்ணே, நிழலுக்குள்ள வந்துட்டேன். குழாயி வளைய மாட்டேங்கு."
"திரும்பி வந்துருங்க அம்மிணி."
"எதுக்கு? நைட்ரஜன்ல ஒரு மணி நேரம் கெடந்தது இங்க பத்து நிமிசம் தாங்காதா? ஒங்க டியூப்ப நீங்களே நம்பலேன்னா எப்படி? முடிச்சிட்டு வாரேன்."
எதற்கு என்று சொல்லியிருக்கலாம்.

10.52.
விளக்கு பளிச்சென்று எரிகிறது. பேனலைத் திருப்பிவிட்டாள். ரேடியோவில் சர்ரென்று ஒரு சத்தம். பிறகு இல்லை. கூப்பிடுகிறேன்.

11.30.
கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். உள்ளே நல்ல கதகதப்பு.
கண்டெடுக்கிறவரே, ரப்பர் பேண்ட் உண்மை. சோப்பு நுரை உண்மை. நான் சுற்றிய சுற்றில் எந்த இன்ஜினியரும் குறை கண்டுபிடிக்க முடியாது. மாட்டாஸ்பத்திரி மட்டும் நான் கட்டிய கதை. அந்த டியூப் கோயம்புத்தூர் வெயிலைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.