அழிக்கச் சொன்ன பொட்டி

திருப்பத்தூர்
12-1-2025

அன்புள்ள அத்தைக்கு,

அசோக்குமார் வணக்கத்தோடு எழுதுவது. நானும் சுவேதாவும் சுகம். அவளுக்குப் பதினொன்று நடக்கிறது. கோபம் வந்தால் உங்களைப் போலவே சோற்றைத் தொட மாட்டாள்.

ஏழு வருஷமாக என் நம்பரைப் பார்த்தாலே நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் ஜீப் துரைக்கண்ணு அண்ணன் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு லேப்டாப்பையும் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் மகளிர் சங்கத்தில் சாமை பாக்கெட்டுக்கு லேபிள் அடிக்க, மனு எழுத ஒரு கம்ப்யூட்டர் தேடுகிறீர்கள் என்று அவர்தான் சொன்னார். புதுசு வாங்காதீர்கள் அத்தை. என் பிழைப்பே இதுதானே. ஆபீஸ்களில் கழித்துப் போடுகிற பழைய மிஷின்களை வாங்கி, தூசி தட்டி, மெமரி கூட்டி, லினக்ஸ் என்கிற இலவச மென்பொருளைப் போட்டு விற்கிறேன். வேறு சிஸ்டத்தில் மூச்சு வாங்குகிற மிஷின் இதில் நன்றாகவே ஓடும். லேபிள், மனு, கடிதம் எல்லாவற்றுக்கும் அதிலேயே இலவசமாக இருக்கிறது. தமிழிலும் அடிக்கலாம்.

ஆனால் இது கடைக்கு வந்த மிஷின் இல்லை. ரேணுகாவோடது.

பேட்டரி புதுசு போட்டேன், மெமரி கூட்டினேன். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் மாற்றவில்லை. அதில் ‘அம்மா’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. ஒவ்வொரு தடவை மலைக்கு வந்தபோதும் அவள் உங்களைப் பேச வைத்துப் பதிந்தவை, அறுபத்தொன்று. அவளும் அதில் பேசுகிறாள். ஒரே ஒரு தடவை ஒன்றைப் போட்டேன். ‘அம்மா, கொஞ்சம் இரு’ என்றாள். மூடிவிட்டேன். அப்புறம் திறக்கவே இல்லை. முதலில் கேட்க வேண்டியவர் நீங்கள்.

வேறு நகல் கிடையாது. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் ‘ரெண்டு இடத்துல வைங்க’ என்று சொல்கிறவன், இதைத் தொடத் தைரியம் இல்லாமல் அப்படியே வைத்திருந்தேன். யாராவது புதுசாக சிஸ்டம் போடுகிறேன் என்றால் விடாதீர்கள். நீங்கள் கேட்டதும் ஒரு பென் டிரைவில் ஏற்றி அனுப்பச் சொல்லுங்கள். சுவேதாவுக்கு அம்மாவின் குரல் ஞாபகம் இல்லை.

உங்கள்
அசோக்குமார்


புதூர்நாடு
9-3-2025

திருப்பத்தூர் அசோக்குமாருக்கு,

புதூர்நாடு பச்சையம்மா எழுதறது. நான் நல்லா இருக்கேன். நீ கேட்டுத்தான் நான் நல்லா இருக்கணும்னு இல்ல.

பொட்டி வந்துச்சு. சங்கத்துக்குன்னு துரைக்கண்ணு சொன்னான், அதால வாங்கிக்கினேன். கூட வந்த கடிதாசிய பிரிக்கல. கூரை எறவாணத்துல சொருகி வச்சிருக்கேன். உன் எழுத்து என்னாண்ட பேச வேண்டியது ஒண்ணும் இல்ல.

நான் மூணாங்கிளாஸு. ஆனா மறக்க மாட்டேன். ரெண்டாயிரத்துப் பதினேழு, ஐப்பசி பதினாலு, செவ்வாக்கெழம. மழையில மூணாவது வளைவுல மண்ணு சரிஞ்சி ஜீப்பு வரல. நான் நடந்தே எறங்கினேன். செருப்பு அறுந்து போச்சு. நீ ரெண்டு மணிக்கே என் பொண்ணுக்கு நெருப்பு வச்சிட்ட. நான் மூணு மணிக்கு வந்து நின்னேன். உங்க பெரியப்பன் ‘எவ்ளோ நேரம்மா வச்சிருக்கறது’ன்னாரு. எங்க சனம் மண்ணுக்குக் குடுக்கற சனம். கல்யாணத்தன்னிக்கே உன்னாண்ட சொன்னேன், தலைய ஆட்டுன. இப்ப உக்காந்து அழ எனக்கு ஒரு மேடு இல்ல.

பொட்டி நல்லாத்தான் இருக்குது. சங்கத்துல அருள்மணின்னு ஒரு பொண்ணு, கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போனவ. ‘அவன் கை வச்சது எதுவும் இதுல இருக்கக் கூடாது, வழிச்சிப் போட்டுட்டு புதுசா ஏத்துடி’ன்னேன். ‘உள்ள இன்னாமோ இருக்குதே ஆயா, பாத்துட்டு அழிக்கலாமா?’ன்னா. ‘அவன் வச்சது எனக்கு இன்னாத்துக்கு? அழி’ன்னேன். பென் டிரைவுல அந்த ஓசி லினக்ஸையே திரும்பவும் ஏத்திட்டா. கழுவுன சட்டி கணக்கா ஆயிடிச்சு.

இப்ப லேபிள் அடிக்கிறோம். வன ஆபீசுக்கு ரெண்டு மனு போட்டாச்சு. இந்தக் கடிதாசியும் அதுலதான் அடிச்சேன். ஒத்த வெரலு, நாலு நாளு. நீ அனுப்புனதுலயே உன்ன திட்டி அனுப்பணும்னு அடிச்சேன்.

ரேணுகாவோட அம்மா
பச்சையம்மா


திருப்பத்தூர்
16-3-2025

அத்தைக்கு,

நீங்கள் அடித்த கடிதம் வந்தது. என்னைப் பிறகு திட்டுங்கள். முதலில் லேப்டாப்பை அணைத்துவிட்டு, துரைக்கண்ணு அண்ணனிடம் கொடுத்தனுப்புங்கள்.

அழித்தது உடனே போய்விடாது அத்தை. விதைத்த காட்டில் மறுபடி ஏர் ஓட்டின மாதிரிதான். ஒவ்வொரு ஓட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். புதுசாக எதுவும் ஏற்றாமல் இருந்தால் தோண்டி எடுத்துப் பார்க்கலாம். அதற்கும் இலவச மென்பொருள் இருக்கிறது, எனக்கு ஓட்டத் தெரியும்.

அந்தப் பெட்டியில் இருந்தது ரேணுகாவின் குரல். முதல் கடிதத்தைப் பிரித்துப் படியுங்கள்.

இதையும் பிரிக்க மாட்டீர்களோ என்று பயந்து உறை மேலேயே பெரிதாக எழுதியிருக்கிறேன். குரல் விஷயத்தை வெளியே எழுதக் கை வரவில்லை. ஜீப்பில் வருகிறவர்கள் படித்துச் சொல்லி நீங்கள் அதைக் கேட்கக் கூடாது. நானே கிளம்பி வந்திருப்பேன். நான் மலையில் கால் வைத்தால் சோறு தொட மாட்டேன் என்று மாரியம்மன் முன்னால் நீங்கள் சொன்னது இன்னும் நிற்கிறது.

அசோக்குமார்


புதூர்நாடு
30-3-2025

அசோக்குமாருக்கு,

உறை மேல இருந்தத எழுத்துக் கூட்டிப் படிச்சேன். ‘உடனே அணைக்கவும். திருப்பி அனுப்பவும்.’ இன்னா, குடுத்தத புடுங்கிக்கப் பாக்கறியா? லேபிள் நல்லா வருதுன்னு நான் எழுதுனது உனக்குப் பொறுக்கல.

துரைக்கண்ணு இன்னாமோ சொல்ல வாயத் தொறந்தான். உன் பேர எடுத்ததும் கதவ சாத்திட்டேன். இந்தக் கடிதாசியும் எறவாணத்துல, மொத கடிதாசிக்குப் பக்கத்துல. ரெண்டும் பேசிக்கினு கெடக்கட்டும்.

பொட்டிய குடுக்க மாட்டேன். அணைக்கவும் மாட்டேன். நேத்து அருள்மணி அதுல பலாக்கொட்டை மாவு செய்யற வீடியோ, திருவிழா வீடியோ எல்லாம் ஏத்துனா. சங்கத்துப் பொம்பளைங்க பதினோரு பேரும் கூடி உக்காந்து பாத்தோம். இன்னும் நெறைய எடம் இருக்குதாம். நெறப்பச் சொல்லியிருக்கேன்.

பச்சையம்மா


புதூர்நாடு
20-4-2025

இன்னான்னு கூப்புட்டு எழுதறதுன்னு தெரியல. கையால எழுதறேன். பொட்டி இத்தோட வருது.

போன வாரம் அதுல சார்ஜ் ஏறல. ‘அந்தக் கடிதாசியில சார்ஜரப் பத்தி எழுதியிருப்பாரு ஆயா, பிரிக்கட்டுமா?’ன்னு அருள்மணி கேட்டா. சத்தமா படிடி, எல்லாரும் கேக்கட்டும், இன்னா கதை உட்டிருக்கான்னு பாக்கலாம்னேன். அவளும் உங்கள மாதிரியே கொரல வச்சிக்கினு படிச்சா. பொம்பளைங்க சிரிச்சாங்க. நானுந்தான். ‘ரேணுகாவோடது’ன்னு வந்ததும் நின்னுட்டா. படின்னேன். படிக்கல. புடுங்கி நானே எழுத்துக் கூட்டினேன்.

‘நான் கேட்டேனே ஆயா’ன்னு அருள்மணி அழுதா. கேட்டா. அவ கேட்டதும் நான் சொன்னதும் எனக்கு சொல்லு மாறாம ஞாபகம் இருக்குது. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல.

எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்குது. ரேணு மொத மொத சொன்ன சொல்லு, ரெண்டாங்கிளாஸுல சிலேட்ட ஒடச்சிட்டு சொன்ன பொய்யி, கடைசியா போன்ல சொன்னது. ‘புளி ஒடச்சி வைம்மா, ஞாயித்துக்கெழம வர்றேன்.’ ஒரு சொல்லு போவல. சொன்ன கொரலு மட்டும் வர மாட்டேங்குது. எட்டு நாளா கண்ண மூடிக்கினு உக்காந்து பாக்கறேன். அவ பேசறா. ஆனா என் கொரலுலயே பேசறா.

நீங்க ரெண்டு மணி வரைக்குமாச்சும் காத்திருந்தீங்க. நான் அந்தப் பொண்ணு கேட்டப்ப ஒரு நிமிஷம் நிக்கல.

கடிதாசிய படிச்ச அன்னிக்கே பொட்டிய அணைச்சிட்டோம். ரேணுவோட பழைய பொடவையில சுத்தி, மடியில வச்சிக்கினு வரணும்னு துரைக்கண்ணுகிட்ட சொல்லி அனுப்பறேன். ரெண்டாவது கடிதாசியையும் பிரிச்சேன், ஏர் ஓட்டாதீங்கன்னு எழுதியிருந்தீங்க. ஆள வச்சி ஓட்டிட்டேன். இன்னா கெடைக்குதோ பாருங்க. கெடைக்கலன்னா ‘கெடைக்கல’ன்னு எழுத வேணாம். எதுவும் எழுதாதீங்க, புரிஞ்சிக்கிறேன்.

பச்சையம்மா


திருப்பத்தூர்
18-5-2025

அன்புள்ள அத்தைக்கு,

நான் எழுதுவதாலேயே ஏதோ கிடைத்தது என்று தெரிந்திருக்கும். நிறைய இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டிஸ்க்கைத் தனியாகக் கழற்றி மாட்டி, பத்தொன்பது நாள் தேட விட்டேன். நாற்பது பதிவுகளுக்குத் தடமே இல்லை. இருபது கிடைத்தன, ஆனால் கிழிந்து போயிருந்தன. போட்டால் தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம் மட்டும்தான். வேறு வேறு விதமாகத் திரும்பத் திரும்ப முயன்றேன். வரவில்லை.

ஒன்று முழுசாக வந்தது. நாலு நிமிஷம் பத்து விநாடி.

அதில் நீங்கள் என்னைத் திட்டுகிறீர்கள்.

எங்களுக்குக் கல்யாணமாகி முதல் வருஷம் போல இருக்கிறது. ‘கம்ப்யூட்டர் குப்பை பொறுக்கறவனுக்கா உன்ன பெத்தேன்’ என்று ஆரம்பிக்கிறீர்கள். நிறுத்தவே இல்லை. என் நடை, என் மீசை, நான் கேழ்வரகுக் களியைப் பிட்டுச் சாப்பிட்ட விதம், எல்லாம் வருகிறது. ரேணுகா நடுநடுவே ‘ம்’ போடுகிறாள். ஏழு ‘ம்’. கடைசியில் சிரித்துவிட்டு, ‘போதும்மா, எல்லாம் பதிஞ்சிட்டேன், அவருக்குப் போட்டுக் காட்டறேன், சிரிப்பாரு’ என்கிறாள். அத்தோடு முடிகிறது.

அவள் எனக்குப் போட்டுக் காட்டவே இல்லை. இப்போதுதான் கேட்டேன். அவள் சொன்ன மாதிரி சிரிக்கத்தான் பார்த்தேன்.

சுவேதா ‘ஆயா யாரைப்பா இவ்ளோ திட்டறாங்க?’ என்றாள். என்னைத்தான் என்றேன். அப்புறம் அவள் அந்த ‘ம்’ வருகிற இடங்களை மட்டும் தேடித் தேடிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று இடத்தில் நகல் வைத்துவிட்டேன். ஏழு வருஷம் முன்னால் செய்திருக்க வேண்டியது, பத்து நிமிஷ வேலை. உங்கள் கோபம் மட்டும் அதை அழிக்கவில்லை அத்தை, என் பயமும் சேர்ந்துதான் அழித்தது.

ஒன்று கேட்கிறேன். சத்தத்தை வெட்டி ஒட்டுவதற்கும் இலவச மென்பொருள் உண்டு. உங்கள் பேச்சை எடுத்துவிட்டு ரேணுகாவின் குரலை மட்டும் தனியாகச் சேர்த்து அனுப்பட்டுமா? பழைய திட்டையெல்லாம் இந்த வயதில் நீங்கள் திரும்பக் கேட்க வேண்டாம் என்றுதான். லேப்டாப்பும் தயார், சார்ஜர் மாற்றிவிட்டேன். சங்கத்தின் லேபிள் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

உங்கள்
அசோக்குமார்


புதூர்நாடு
25-5-2025

மாப்ளைக்கு,

உங்க கடிதாசி வந்துச்சு. எறவாணத்துக்குப் போவல. துரைக்கண்ணு ஜீப்ப நிறுத்தறதுக்குள்ள வாங்கி, ரோட்டுலயே நின்னு பிரிச்சேன்.

வெட்டாதீங்க.

அன்னிக்கு நான் பேசுனதெல்லாம் ஞாபகம் இருக்குது. களி பிட்டதச் சொன்னேன், மீசையச் சொன்னேன், இன்னும் ஒண்ணு சொன்னேன், அதுவும் அதுல இருக்கும். நீங்க எழுதாம உட்டுட்டீங்க. அவ ‘ம்’ போட்டது என் திட்டுக்குத்தான். திட்ட எடுத்துட்டா அவ யாருக்கு ‘ம்’ போடறா? வெட்டவெளிக்கா? இருந்தது இருந்த மாதிரியே இருக்கட்டும். இன்னொரு தரம் நான் சொல்லி எதுவும் அழிய வேணாம்.

அறுபது போச்சு. அதுல பாட்டு இருந்துச்சு. வெத சாமைய பத்தி அவ கேட்டு நான் சொன்னது இருந்துச்சு. என் அம்மாவப் பத்திப் பேசி ரெண்டு பேரும் அழுதது இருந்துச்சு. நல்லதெல்லாம் போயி நான் உங்கள வைதது மட்டும் தங்கியிருக்குது. யாரையும் நோவறதுக்கு இல்ல.

சங்கத்துல புதுசா ஒண்ணு பண்ணியிருக்கோம். எத அழிக்கறதா இருந்தாலும் ரெண்டு பேரு பாத்துட்டுத்தான் அழிக்கணும், எல்லாத்தையும் ரெண்டு எடத்துல வைக்கணும். அருள்மணி பெருசா எழுதி சொவுத்துல ஒட்டிட்டா. எனக்காகத்தான் ஒட்டுனான்னு எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லல.

பொட்டிய ஜீப்புல குடுத்தனுப்பாதீங்க. நீங்களே எடுத்தாங்க. சுவேதாவ கூட்டியாங்க, பள்ளிக்கூடம் லீவுதான. மாரியம்மன் முன்னால சொன்னத மாரியம்மனாண்டயே போய் திருப்பி வாங்கிக்கினேன். பூசாரி ‘அப்படியெல்லாம் வாங்க முடியாதும்மா’ன்னாரு. எனக்கும் சாமிக்கும் நடுவுல நீ இன்னாத்துக்குன்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

உங்க பக்கத்துல உக்காந்துதான் அத கேக்கணும். நான் உங்கள திட்டறத நீங்களும் நானும் சேந்து கேக்கணும். அவ போட்டுக் காட்டறேன்னு சொன்னாளே, அது பாக்கி இருக்குது.

ஆனா வந்ததும் போட்றாதீங்க. சாமைச் சோறும் புளிக்கொழம்பும் ஆக்கி வைக்கறேன். மொதல்ல மூணு பேரும் சாப்பிடலாம். கேட்டப்புறம் எனக்கு எறங்காது.

உங்க அத்தை
பச்சையம்மா