வெறும் பாட்டில்

அன்புச் சகலை மனோகருக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உனக்கு நான் கடிதம் எழுதுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நீ இருந்தபோது உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவே மனம் வராதவன் நான். காரணம் உனக்கும் தெரிந்திருக்கும். பொறாமை.

மாமனார் வீட்டில் நான் மூத்த மாப்பிள்ளை. சேலையூர் கேம்ப் ரோட்டில் சொந்தமாக கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர். நீ பம்மல் தோல் தொழிற்சாலையில் கெமிஸ்ட். இருந்தும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் அத்தை உன் இலையைத்தான் முதலில் கவனிப்பார். "மனோகர் எவ்ளோ அமைதியா சாப்பிடுறார் பாருங்க" என்று என் மனைவி கமலாவே சொல்வாள். அமைதியாகச் சாப்பிடுவதற்கெல்லாமா ஒரு பாராட்டு?

எனக்கென்று இருந்தது ஒரே கனவு. பல்லை அடைக்கிற பொருளே பல்லுக்குக் கால்சியம் கொடுக்க வேண்டும். நான் அடைத்து அனுப்பியவர்கள் இரண்டு வருடத்தில் அதே பல்லில் சொத்தையோடு வந்து நிற்பார்கள். "இன்னா டாக்டரே, நீ அடைச்ச எடத்துலயே கொடையுது?" என்று ஓர் ஆட்டோக்காரர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

கிளினிக் பின்னறையில் பொடியையும் பிசினையும் குழைத்து, சட்டைப் பித்தான் அளவில் வில்லைகள் செய்வேன். பாட்டில் தண்ணீரில் ஊறப்போடுவேன். கால்சியம் கசிகிற வில்லை பொடிந்துபோகும். பொடியாத வில்லை கசியாது. தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாற எத்தனை சொட்டு என்று எண்ணிக் கால்சியத்தை அளப்பது உனக்குத் தினசரி வேலை, எனக்குத் தெரியாது. வேறு வழியில்லாமல்தான் பாட்டில்களை உன்னிடம் கொடுத்தேன்.

நீ அளந்து கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "அண்ணா, இந்தப் பிசின் தண்ணிய உள்ளயே விட மாட்டேங்குது. கொஞ்சம் விடற மாதிரி மாத்திப் பாக்கட்டுமா?" என்றாய். பாரேன் என்று அலட்சியமாகச் சொன்னேன். நான் நான்கு வருடம் முட்டிக்கொண்டு நின்ற இடத்தை நீ மூன்றே மாதத்தில் தாண்டினாய். உன் வில்லை கசிந்தது, பொடியவும் இல்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நல்லவேளையாக, என் வில்லைகளில் ஒன்றுகூடக் கசிவதாக உன் அளவு காட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் நீ கேட்டாய்: "வில்லை போடாம, நீங்க ஊத்துற தண்ணிய மட்டும் ஒரு பாட்டில்ல குடுங்கண்ணா."

"வெறும் பாட்டில்ல என்னத்தப்பா அளக்கப் போற?" என்று கிண்டல் செய்துதான் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு மாமனார் வீட்டில் உன் வில்லையைப் பற்றி எல்லோரும் பேச, என்னால் தாங்க முடியவில்லை. "பம்மல் தண்ணியில ஊறப்போட்டிருப்பான். அங்க பக்கெட்லயே வெள்ளையா உப்பு படியுது, கால்சியம் வராம என்ன வரும்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் லேசாகச் சிரித்தாய். "இருக்கலாம்ண்ணா, திரும்பப் பாக்குறேன்" என்றாய். மறுமாதமே மாரடைப்பு.

போன வாரம் உன் மனைவி உஷா உன் நோட்டையும், உன் வில்லை ஊறிக்கொண்டிருந்த பாட்டிலையும் கொண்டுவந்தாள். "எனக்கு ஒண்ணும் புரியல மாமா. உங்களுக்காவது உதவட்டும்" என்றாள். கடைசிப் பக்கத்தில் உன் கோழிக் கிறுக்கலில் இருந்தது: அண்ணாவின் வில்லை, ஒன்பது சொட்டு. அண்ணாவின் வெறும் தண்ணீர், அதுவும் ஒன்பது சொட்டு.

அப்படியானால் என் வில்லை கொடுத்தது ஒன்றுமே இல்லை. அந்த வில்லைக்கு மட்டும், நீ கொடுத்திருந்த நீர் தீர்ந்துபோனதால், சமையலறையில் கமலா காய்ச்சி வைத்த கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றினேன். கிருமி செத்தால் தண்ணீர் சுத்தம் என்று நினைக்கும் டாக்டர் புத்தி! எவ்வளவு கொதித்தாலும் சேலையூர் கிணற்றுக் கால்சியம் முழுதாகப் போய்விடுமா? ஏளனம் செய்தேனே, அந்தத் தப்பைச் செய்தவன் நானேதான். நீ உப்பே இல்லாத வாலை வடிநீரைத் தவிர வேறெதையும் தொடவில்லை என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறாய்.

அதற்குக் கீழே இன்னொரு வரி. "அண்ணாவிடம் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லோர் முன்னாலும் வேண்டாம்." தேதியைப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாள். எல்லாம் தெரிந்துகொண்டா என் கிண்டலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்? உன் மூளை மேல் இருந்த வயிற்றெரிச்சல் போதாதென்று, இப்போது உன் குணத்தின் மேலும் வந்துவிட்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். வருகிற ஞாயிறு தாம்பரத்தில் பல் டாக்டர்கள் கூட்டம். என் வில்லையைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். உன் வில்லையை என்னுடையது என்று காட்டினால் கேட்க ஆளில்லை. உஷாவுக்குப் புரியாது. நோட்டில் அந்தப் பக்கத்தை இரண்டு முறை விரலால் பிடித்தேன், மனோகர். கிழிக்கத்தான் பிடித்தேன்.

இன்று காலை உன் வில்லையைப் பாட்டிலிலிருந்து வெளியே எடுத்து நகத்தால் கீறினேன். கீறல் விழவில்லை. கேம்ப் ரோட்டில் புதிதாக வந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், அந்தப் பாட்டில் தண்ணீரை அளக்கச் சொல்லி முன்பே கொடுத்தனுப்பியிருந்த உன் தொழிற்சாலை நண்பரிடம் அளவைக் கேட்டேன். இன்னும் கசிகிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை உன் பெயரைத்தான் சொல்வேன். உஷாவை முதல் வரிசையில் உட்காரவைப்பேன். அத்தையும் வரட்டும், கமலாவும் வரட்டும். பொறாமை தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மேடையில் நிற்கும்போதும் எரியத்தான் செய்யும். ஆனால் உன் வில்லைக்குப் பக்கத்தில் என் வெறும் பாட்டிலையும் வைப்பேன். நீ என்னிடம் தனியாகச் சொல்ல நினைத்ததை, நான் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன்.

உன் மூத்த சகலை,
தனசேகர்