எரித்ததாகச் சொன்ன கொப்பி

என் பிரியமான ஹலினா அம்மா,

டேனிஷில் உங்களைப் பெயர் சொல்லியே கூப்பிட்டேன். தமிழில் எழுதும்போது கை அதற்கு மறுக்கிறது. நீங்கள் கண்மூடி ஏழு மாதமாகிறது. உங்கள் வீட்டில் வேறு ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். இந்த டேனிஷ் ஊர் இக்காஸ்டில் வழமைபோல் மழை.

எங்கள் நாட்டுப் போர் முடிந்துவிட்டதாம். போன கிழமை தொலைக்காட்சியில் சொன்னார்கள். முடிந்தால் பயம் குறையும் என்று நினைத்திருந்தேன். உங்களுக்கு எப்போது குறைந்தது? அதை நான் கேட்கவேயில்லை.

நகராட்சி அனுப்பிய வீட்டு உதவியாளர் நான். காலையில் உங்கள் வீங்கிய கால்களுக்கு இறுக்கக் காலுறை போடும் பத்து நிமிடத்தில்தான் நீங்கள் கதைப்பீர்கள். நான் வரலாறு படித்தவள் என்று தெரிந்த அன்று, "அப்படியென்றால் மெதுவாகப் போடு" என்றீர்கள்.

போலந்தில் நீங்கள் இளம் அகழாய்வாளராக இருந்தபோது ஜெர்மன் படை வந்தது. பல்கலைக்கழகத்தை மூடினார்கள். பேராசிரியர்களைக் கொண்டுபோனார்கள். உங்களை மட்டும் அருங்காட்சியகத்தில் பானை ஓடுகளைக் கழுவ வைத்துக்கொண்டார்கள். நீங்களே தோண்டியெடுத்த ஓடுகளுக்கு, இவை ஜெர்மானிய முன்னோருடையவை என்று அவர்கள் சொல்லச் சொல்லச் சீட்டு எழுதினீர்கள். மாலையில் உங்கள் சமையலறையில், அதே ஓடுகளைப் பற்றி ஐந்து மாணவருக்கு இரகசியமாக வேறு பாடம்.

உங்களோடு அகழாய்வு செய்த மாரெக்கை ஒருநாள் காட்டோரத்தில் சுட்டுப் புதைத்தார்கள். நீங்கள் விறகு பொறுக்குபவர் போலப் போய், பாலத்திலிருந்தும் தேவாலயச் சுவரிலிருந்தும் அடி எண்ணி, அந்த இடத்தை ஒரு தாளில் குறித்தீர்கள். பிறகு ஒருநாள் காலை உங்கள் தெருவில் ஜெர்மன் படை லொறி நின்றது. தாளை அடுப்பில் போட்டீர்கள். அவர்கள் நுழைந்ததோ பக்கத்து வீட்டுக்குள். போர் முடிந்து மாரெக்கின் மனைவி வந்து கேட்டபோது எண்கள் நினைவில் இல்லை. மூன்று நாள் தோண்டியும் அவர் கிடைக்கவில்லை.

அதை நான் முழுதாக நம்பவில்லை, அம்மா. அளப்பதையே தொழிலாகக் கொண்டவர் அளவை மறப்பாரா? இப்போது நம்புகிறேன். நேற்றுப் பயத்தில் என் வீட்டு இலக்கமே எனக்கு மறந்துபோனது.

என் தம்பி வன்னியில் கடைசிவரை இருந்தான். யாருடையதோ செய்மதித் தொலைபேசியில் அவ்வப்போது கதைப்பான். பக்கத்தில் செத்தவர்களின் பெயர்களைச் சொல்வான், வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கு அறிவிக்க. நான் உங்களை நினைத்துக்கொண்டு, எங்கே புதைத்தது, மதகிலிருந்து எத்தனை அடி, கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று கேட்டு ஒரு நோட்டுக் கொப்பியில் எழுதினேன்.

பிழை நான் விட்டது. இங்கே பிரெடெரிசியாவில் ஒரு குடும்பத்துக்கு மகனின் சாவை அறிவித்தபோது, "ஆர் சொன்னது?" என்று கேட்டார்கள். ஆதாரமில்லாத செய்தியை நானே நம்பமாட்டேன். தம்பியின் பெயரையும், அவன் சொன்னதைக் கொப்பியில் எழுதி வைத்திருப்பதையும் சொல்லிவிட்டேன். இரண்டு கிழமைக்குள் தமிழ்க்கடையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இப்போது தம்பி இராணுவத்தின் முட்கம்பி முகாமில் இருக்கிறான். நேற்று மதியம் ஒளித்து வைத்த கைபேசியில் அரை நிமிடம் கதைத்தான்.

"அக்கா, அந்தக் கொப்பியை எரிச்சுப்போடுங்கோ."

"ஏன்ரா, என்ன நடந்தது?"

"ஆமிக்காரர் ஒவ்வொருத்தராக் கூப்பிட்டு விசாரிக்கினம். கொப்பிக் கதை இங்கையும் வந்திட்டுது. செத்தவையின்ர கணக்கு அவைக்கு எதிரான சாட்சி. சின்னனிலயும் உங்கட வாயாலதான் நான் அடி வாங்கினனான்."

சிரித்தான். அந்தச் சிரிப்போடு தொடர்பு அறுந்தது.

என் கணவர் கேட்டுக்கொண்டு நின்றார். "ஒரு கொப்பிக்காக தம்பியைப் பலி குடுக்கப் போறீரோ?"

இல்லை. ஆனால் எரிக்கவும் முடியவில்லை. இரவு தம்பி திரும்ப எடுத்தபோது "எரிச்சிட்டன்" என்று அவனிடமும் சொன்னேன், கணவரிடமும் சொன்னேன். விசாரிப்பவர்கள் கேட்டால் தம்பி நடிக்கத் தேவையில்லை. எரித்தாயிற்று என்று நம்பியே சொல்வான். இப்படிக் கணக்குப் பார்ப்பது சரியா? உங்களிடம் தவிர யாரிடமும் கேட்க முடியாது. வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டாலே எழுந்து சன்னலுக்குப் போகிறேன்.

இன்று காலை ஹ்விடோவ்ரே என்ற ஊரிலிருந்து ஒரு தாய் தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, உங்கட கொப்பியில என்ர மகன்ர பேர் இருக்கோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்."

"என்னட்டை அப்பிடி ஒரு கொப்பியும் இல்லை, அன்ரி."

"அப்ப அவன் இருக்கிறான் எண்டுதானே? நீங்கள் நல்லாயிருக்கோணும் பிள்ளை."

அவருடைய மகனின் பெயர் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. மதகிலிருந்து கிழக்கே நாற்பது அடி.

தம்பி கம்பிக்கு வெளியே வரும்வரை இந்தக் கடிதத்தையும் யாருக்கும் காட்டமாட்டேன். அவன் வந்த அன்றே ஹ்விடோவ்ரேக்கு ரயில் ஏறுவேன். தொலைபேசியில் சொல்லமாட்டேன். அந்தத் தாயின் முன்னால் இருந்து, நான் பொய் சொன்னேன் என்பதை முதலில் சொல்லி, பிறகு அந்தப் பக்கத்தைக் கொடுப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

ஆஸ்பத்திரியில் தாதி "இவர் யார்?" என்று கேட்டபோது, சற்றும் யோசிக்காமல் நீங்கள் சொன்ன அதே உறவில்,

உங்கள் மகள்