பொறந்தவள் மரம்

12 மார்ச் 1935, செவ்வாய். திண்ணனூர் நாடு

ஒரு வழியாக மேலே வந்து சேர்ந்தேன். அடிவாரத்துக் காரவள்ளியில் விடியலில் ஏறத் தொடங்கியது. இங்கே கால் வைத்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. சுமை தூக்கி வந்தவர்கள் வழி நெடுக என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எங்காவது உட்கார்ந்து அழுவேன் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. நான் அழவில்லை. மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

சேந்தமங்கலத்தில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: மஹ்மூதாவுக்குப் புத்தி பிசகிவிட்டது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, வயது நாற்பத்தைந்து. அத்தாவின் சொத்தில் அடம்பிடித்துப் பங்கு வாங்கினாளே, அதில் ஒரு வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டுவிட்டு உட்கார்ந்து சாப்பிடக் கூடாதா? கொல்லிமலையில் போய் மிளகு போடப் போகிறாளாம்!

தம்பி நசீர் அகமது பங்குக்குப் பதிலாக முதலில் ஒரு பட்டுப் புடவையைத்தான் கொடுத்தனுப்பினான். கொண்டு வந்த ஆளிடமே திருப்பிக் கொடுத்தேன். அதன் பிறகுதான் பங்கு வந்தது.

என் புருஷன் இருந்தபோதும் சரி, மவுத்தான பிறகும் சரி, மிளகை வாங்கியது நான், விற்றது நான். ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் தேய்த்து மோந்தால் எந்த நாட்டு மிளகு என்று சொல்லிவிடுவேன். வாங்கி விற்றது போதும். இனிமேல் விளைவித்து விற்கப் போகிறேன்.

14 மார்ச்

ஊருக்குள் கட்டிலில் படுக்கக் கூடாதாம். சாமி கோபித்துக்கொள்ளுமாம். இரண்டு ஆள் வைத்துத் தூக்கி வந்த என் கட்டில் ஊர் எல்லையில் கிடக்கிறது. வெள்ளாடுகள் படுத்துக்கொள்கின்றன.

20 மார்ச்

நிலம் விற்க மாட்டார்கள். மலைக்கு வெளியே பிறந்தவர்களுக்கு ஒரு சாண் மண்கூடக் கொடுப்பதில்லை என்று கட்டுப்பாடு. நான் தங்கியிருக்கும் குடிசை செங்கோடனுடையது. சாமையும் கேழ்வரகும் விதைக்கிறவர், என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். அவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "மண்ணு என்னுதா இருந்தாத்தானுங்களே விக்கறதுக்கு? அது சாமியிதுங்க ராவுத்தரம்மா" என்றார்.

இதற்கெல்லாம் அசருகிறவளா நான்? மிளகுக்கு நிலம் எதற்கு, ஏறுவதற்கு மரம் இருந்தால் போதுமே. இவர் காட்டைச் சுற்றிப் பலாமரங்கள் வளைத்துக்கொண்டு நிற்கின்றன. மரத்தடியில் நான் கொடி நட்டுக்கொள்கிறேன், வருஷா வருஷம் வாடகை தருகிறேன் என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்றார். "பழத்தை மட்டும் கேக்காதீங்க. அது நான் குடுக்கறது இல்லீங்க" என்று இரண்டு தரம் சொன்னார். பலாப்பழத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்?

அவர் வீட்டுக்குப் பின்னால் ஊற்றை ஒட்டி ஒரு மரம் இருக்கிறது. மலையிலேயே அப்படி ஒன்றைப் பார்க்கவில்லை. அந்த ஈரத்துக்கு மிளகுக்கொடி தலைதெறிக்க ஏறும். அதைக் கேட்டேன். மறுத்தார். இரண்டு பங்கு தருகிறேன் என்றேன். "அது ஆளில்லாத மரமுங்க. ஆகாதுங்க" என்றார். ஆள் இல்லாத மரத்தைக் கொடுப்பதுதானே சுலபம்? இந்த மலையில் எல்லாமே தலைகீழ்.

9 ஜூலை 1935

நட்டாயிற்று! ஈரச் சாக்கில் சுற்றி வந்த கொடித் துண்டுகளில் வாடியது கொஞ்சம்தான். மரத்துக்கு மரம் வெயில் படாத பக்கமாகப் பார்த்து நானே நின்று நட வைத்தேன். செங்கோடனின் மனைவி பெருமாயி என் கால் சேற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இனிமே நீங்க எங்கூட்டு ஆளுதான்" என்றாள். நாக்குக்கு வந்ததைச் சொல்கிறவள். இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது.

15 டிசம்பர் 1935

நோன்பு. பாங்கு சத்தம் எட்டாத ஊர். சூரியன் எதிர் மேட்டில் இறங்குவதைப் பார்த்துத்தான் திறக்கிறேன். பெருமாயி தினமும் அந்த நேரத்துக்குச் சாமைக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டு, நான் குடிக்கும்வரை அவளும் குடிக்காமல் நிற்கிறாள். அவளுக்கு எந்தக் கடமையும் இல்லை என்று எவ்வளவோ சொல்லிவிட்டேன். "ஆளு பட்டினியா உக்காந்திருக்கறப்ப நான் எப்படீங்க திங்கறது?" என்கிறாள்.

2 ஆகஸ்ட் 1936

கொடி என் தலை உயரம் வந்துவிட்டது. நசீர் சொல்லி அனுப்பியிருக்கிறான்: இப்போது வந்தாலும் வீட்டுச் சாவி தயாராக இருக்கிறதாம். சாவி துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைக்கச் சொல்லி ஆளை அனுப்பினேன்.

22 ஜூன் 1937

சரம் விட்டிருக்கிறது! முதல் சரம். பச்சை நூல் மாதிரி இலைக்கு இலை தொங்குகிறது. வரும் தை மாசியில் என் மிளகு பேளுக்குறிச்சி சந்தைக்கு இறங்கும். இறங்காவிட்டால் என் பெயர் மஹ்மூதா இல்லை.

26 ஜூன் 1937

உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். அவ்வளவு கோபம்.

மலைக்குள்ளேயே குண்டூர் நாட்டு ஊர் ஒன்றில் கட்டிக்கொடுத்திருக்கும் செங்கோடனின் தங்கை பாப்பாயி இன்று பலாப்பழம் கொண்டுபோக வந்தாள். போன இரண்டு வருஷமும் கைக்குழந்தை என்று அவள் வரவில்லை, ஆள்தான் வந்து அறுத்துப்போனான். இன்று மரத்தைப் பார்த்ததும் கூடையைக் கீழே போட்டாள்.

"யாரைக் கேட்டு என்ற மரத்தைக் கட்டிப்போட்டிருக்கறீங்க?"

நான் சிரித்துக்கொண்டே வாடகை விவரத்தைச் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணனைப் பார்த்துப் பேசினாள். "காய் வர்ற அடிமரம் பூராக் கொடி. நான் ஏறறது எங்க, அறுக்கறது எங்க? வெட்டியெறி. வெட்டற வரைக்கும் உன்ற ஊட்டுப்படி நான் மிதிக்க மாட்டேன்." பழத்தைத் தொடாமல் போய்விட்டாள்.

பெருமாயிதான் பிறகு விளக்கினாள். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது பிறந்த வீட்டில் அவளுக்கென்று மரங்களை விட்டுவிடுவார்களாம். பொறந்தவள் மரம் என்று பெயர். கூடப் பிறந்தவள் உயிரோடு இருக்கும்வரை அண்ணன் தம்பி அதில் ஒரு கிளையை ஒடிக்கவும் அவளைக் கேட்க வேண்டும். ஊற்றங்கரை மரத்துக்கு அடுத்ததிலிருந்து கீழ்ச்சரிவுவரை என் கொடிகளில் பாதி, அதுவும் நல்ல பாதி, பாப்பாயியின் மரங்களில்தான் ஏறியிருக்கிறது!

ஏன் சொல்லவில்லை என்று செங்கோடனைப் பிடித்தேன். அவர் முகத்தில் கள்ளம் துளியும் இல்லை. "பழம் அவளுது, நான் தொடலீங்க. கொடி உங்களுது. மரம் நிக்கறது என்ற காட்டுல. இதுல தப்பு எங்கீங்க வந்துச்சு?" இப்படி யோசிக்க இந்த மலையில் பிறந்திருக்க வேண்டும். இரண்டு வருஷம்! ஐயோ, இந்த மனுஷனை என்ன செய்வது?

27 ஜூன்

செங்கோடன் காலையிலேயே கொடுவாளோடு வந்துவிட்டார். வரும் பங்குனியில் மூத்த மகனுக்குக் கல்யாணம். பொறந்தவள் விளக்கு எடுக்காத வீட்டில் தாலி கட்ட முடியாதாம். அவர் கண் கலங்கியிருந்தது. முதல் மரத்துக்கு முன்னால் போய் நின்றேன். "ஒரு வாரம் கொடுங்கள். அதற்குள் சரிப்படுத்தாவிட்டால் நானே வெட்டிப் போடுகிறேன்" என்றேன். கொடுவாளை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிப் போனார்.

எதற்கும் ஒரு விலை உண்டு. நல்ல சேலை ஒன்றும் கொஞ்சம் பணமும் பாப்பாயிக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

29 ஜூன்

சேலை திரும்பி வந்துவிட்டது. மடிப்புக் கலையவில்லை. பணமும் அதே முடிச்சில்.

"வேறு என்னதான் வேணுமாம் அவளுக்கு, ராணியா அவள்" என்று கத்தினேன். கத்திக்கொண்டே சேலையைப் பெட்டியில் வைக்கக் குனிந்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நசீரின் புடவையை நான் திருப்பி அனுப்பியபோது அவனும் இப்படித்தான் கத்தியிருப்பான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வெட்கமாகவும் இருந்தது. மரத்துக்காரி ஒருத்தி இருக்க, அவளைக் கேட்காமல் அவள் அண்ணனோடு பேசி முடித்தேன். கோபித்துக்கொண்டதும் ஒரு சேலையைக் காட்டினேன். இதையே எனக்குச் செய்தபோது நான் சேந்தமங்கலத்தையே இரண்டாக்கவில்லையா?

நாளைக்குக் குண்டூர் நாடு போகிறேன். கையை வீசிக்கொண்டு.

1 ஜூலை 1937

போனேன், வந்தேன், தோற்றேன். ஆனால் ஜெயித்துவிட்டேன் என்றும் தோன்றுகிறது.

பாப்பாயி முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். "உன் மரத்தில் கொடி விட உன்னைத்தான் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்க வந்திருக்கிறேன்" என்றேன். முறம் நின்றது.

"இதைச் சொல்லவா அத்தனை மேடு ஏறி எறங்கி வந்தீங்க?"

"ஆமாம்."

"எங்கண்ணன் அனுப்பினானா?"

"உன் அண்ணனுக்கு நான் வந்ததே தெரியாது."

ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதற்குப் பிறகு பேச்சு ஆரம்பித்தது. அம்மாடி! பேளுக்குறிச்சி சந்தையில் என்னை இப்படி மடக்கியவர்கள் யாரும் இல்லை. காய் வருகிற பக்கத்தில் கொடியை விலக்கிக் கட்ட வேண்டும். அது நியாயம், ஒத்துக்கொண்டேன். அவள் மரத்து மிளகில் அவளுக்குப் பாதி. மூன்றில் ஒன்று என்றேன். "அப்ப வெட்டிப்போடுங்க" என்று முறத்தைக் கையில் எடுத்துவிட்டாள். சரி, பாதி. அந்தப் பாதியை அண்ணன் கையிலோ புருஷன் கையிலோ கொடுக்கக் கூடாது, அவள் கையில்தான் கொடுக்க வேண்டும். இதைச் சொன்னபோது மட்டும் குரலைத் தாழ்த்தினாள். உள்ளே புருஷன் இருந்தான்.

"அதை எழுதித் தரட்டுமா?" என்றேன்.

"எழுத்து எதுக்குங்க? நீங்களும் ஒருத்தனுக்குக் கூடப்பொறந்தவதான?" என்றாள்.

நசீரைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

19 ஆகஸ்ட் 1937

நசீர் கேட்டு அனுப்பியிருக்கிறான்: ஆளுக்குப் பாதி கொடுத்தால் உனக்கு என்ன மிச்சம்? நல்ல கேள்விதான். பதிலும் இருக்கிறது. விஷயம் பரவி, பைல் நாட்டிலிருந்தெல்லாம் பெண்கள் வருகிறார்கள், தங்கள் பிறந்த வீட்டு மரங்களிலும் கொடி நடச் சொல்லி. ஒரு காட்டைக் கேட்டு வந்தவளுக்கு ஒரு மலை கிடைத்துக்கொண்டிருக்கிறது. அண்ணன் தம்பிகள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். இருக்கட்டும்.

11 பிப்ரவரி 1938

மிளகு பறிப்பு. முதல் வருஷம், கொஞ்சம்தான். ஆனால் என்ன வாசனை! பாப்பாயி தன் மரத்தில் தானே ஏறிப் பறித்தாள். வேறு யாரையும் விடவில்லை. காய்ந்த மிளகைப் பங்கு பிரித்து அவள் கையில் கொடுத்தேன். அவள் புருஷன் கையை நீட்டினான். அவள் மடியில் கட்டிக்கொண்டாள்.

30 மார்ச் 1938

செங்கோடன் மகன் கல்யாணம். பாப்பாயி விளக்கு எடுத்து முன்னால் நடந்தாள். அண்ணன் அவளைப் பார்த்த பார்வையைப் பார்த்தபோது, நசீரை நினைத்துக்கொண்டேன். அவனும் அப்படிக் கெட்டவன் இல்லை.

சாப்பாடு முடிந்ததும் பாப்பாயி என் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். செங்கோடனும் பெருமாயியும் பின்னாலேயே வந்தார்கள். ஊற்றங்கரை மரம். அவர்கள் அத்தைக்கு விட்ட மரமாம். அந்த அம்மாள் பெண் வாரிசு இல்லாமல் இறந்துபோனதிலிருந்து ஆளில்லாமல் நிற்கிறதாம். பொறந்தவள் மரம் பொறந்தவளுக்குத்தான் போக வேண்டும், காசுக்குப் போகாது.

"அண்ணா, நீயே சொல்லு" என்றாள் பாப்பாயி.

செங்கோடன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அக்கா, இது உங்க மரமுங்க" என்றார்.

இதுவரை ராவுத்தரம்மாதான். அக்கா என்று கூப்பிட்டது இன்றுதான். கொடுவாளால் பட்டையில் சின்னதாக ஒரு குறி வெட்டினார். அதன் மேல் நான் கை வைக்க வேண்டுமாம். நான் தயங்கியதைப் பார்த்து, "உங்க சாமிய நெனைச்சு வைங்க" என்றாள் பெருமாயி. பிஸ்மி சொல்லி வைத்தேன். கையெல்லாம் பால். அழுதேன். அன்று மலையேறும்போது அழாததையெல்லாம் சேர்த்து அழுதேன்.

18 ஜூன் 1938

என் மரத்தின் முதல் பழத்தை இன்று அறுத்தேன். ஆளைப் பிடித்து நசீருக்கு அனுப்பினேன். 'அக்கா மரத்துப் பழம். அடுத்த வருஷம் நீயே வந்து அறுத்துக் கொடு' என்று சொல்லச் சொன்னேன்.

நேற்று ராத்திரியிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் செங்கோடன் வாசலில் வந்து நின்றார். கையில் நாலைந்து கொடித் துண்டு, ஈரத் துணியில் சுற்றி. ரொம்ப நேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு:

"அக்கா, உங்க மரத்துல நான் கொடி உட்டுக்கட்டுங்களா? பாதி உங்களுக்குக் குடுத்தர்றனுங்க. காய் வர்ற பக்கம் தொட மாட்டேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நடுவதற்கு இதைவிட நல்ல மழை வராது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் நாளைக்குத்தான் சொல்வேன்.