கருவாடும் கோவாவும்

கந்தப்பளை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று ஆசிரியர் அறையில் ஒரு கூத்து. வினோதா ரீச்சர் கருவாட்டுக் கறி கொண்டுவந்தார். நம்மூர்க்காரரான உப அதிபர் முட்டைக்கோவா வறையைச் சோற்றோடு பிசைந்தபடியே, “உயிரைக் கொன்று தின்னுறது பாவமெல்லோ, பிள்ளை” என்றார்.

“அந்தக் கோவாவுக்கு எங்கப்பாதான் மருந்தடிக்கிறாருங்க, சேர். எத்தன புழு சாகுதுன்னு வந்து எண்ணிப் பாருங்க” என்றார் வினோதா.

உடனே மனிதர் வினோதா உட்காரும் கதிரையைத் தூக்கி விறாந்தையில் போட்டுவிட்டார்! நம் வீட்டுச் சட்டிக்கும் இந்த மலைக் கோவாதானே வருகிறது? மீன் செத்தால் மட்டும் பாவமா? என் கதிரையையும் வெளியே இழுத்துப் போட்டுவிட்டேன். குளிரில் இருமல் கொஞ்சம், பயப்படாதீர்கள்.

மணி அடித்துவிட்டது. என் கம்பளிச் சால்வையை அனுப்புங்கள். வினோதாவுக்குக் கொஞ்சம் கருவாடு வாங்கி அதற்குள்ளேயே சுற்றுங்கள். மணக்கட்டும். அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் உப அதிபருக்கு வணக்கம் சொல்லப்போகிறேன்.

மகள் கஜனி